பட்ச் ட்ரிப் காசில் போத்தலுக்கும் பங்கா? யாழ்ப்பாணத்தில் படிப்பவர்களிடம் ஒரு கேள்வி

#1 நாவலடி

யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எந்த நிறுவனம், எந்தப் பீடம் என்று கேட்க வேண்டாம். எங்கள் பட்ச்சின் (ஒரே வருடத்தில் சேர்ந்தவர்களின்) காசுக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த மாதம் நுவரெலியாப் பக்கம் ட்ரிப். பஸ், சாப்பாடு, தங்குமிடம் என்று ஆளுக்கு ஒரு தொகை அறிவித்துவிட்டார்கள். சாராயமும் பியரும் அதற்குள் அடக்கம். கணக்குக் கொப்பியில் மட்டும் 'இதர செலவு' என்று எழுதச் சொல்கிறார்கள்.

பட்ச்சில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களும் அந்த இதர செலவைக் கட்டுகிறார்கள். குடிக்காத பெடியளும் கட்டுகிறார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் காசு வந்தால்தான் போடிங் (தங்கும் அறை) வாடகை கொடுக்கலாம் என்ற நிலையில் இருப்பவனும் கட்டுகிறான். போத்தல் காசைத் தனியாகப் பிரிப்போம், குடிப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளட்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். 'பட்ச் ஃபிட் (ஒற்றுமை) உடைந்துவிடும்' என்று ஒரே சத்தம்.

நான் சாமியார் இல்லை, கலியாண வீட்டில் பியர் குடித்திருக்கிறேன். ஆனால் குடிக்காதவன் காசில் குடிப்பதும், குடிக்காதவனைப் பிடித்துக் குடிக்க வைப்பதும் எப்போதிருந்து ஒற்றுமை ஆனது? மற்றப் பட்ச்களில் என்ன செய்கிறீர்கள்?

#2 சுன்னாகத்தான்

தம்பி, ஊரே ஐஸ் (மெத்தம்பெற்றமின்), தூள் (ஹெரோயின்) என்று எரிந்துகொண்டிருக்கிறது, நீர் பியர்க் காசுக்கு இழை திறந்திருக்கிறீர். வடமராட்சிக் கரையிலும் மாதகலிலும் கேரளக் கஞ்சா மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. முதலில் அதைக் கதையுங்கள். நாலு பெடியள் ட்ரிப் போய் இரண்டு பியர் குடித்தால் யாருடைய குடியும் முழுகிவிடாது.

#3 மழைக்குருவி

சுன்னாகத்தான் அண்ணை, நீங்கள் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கவில்லை போல.

நான் இரண்டாம் வருடம். போன ட்ரிப்பில் பஸ் ஆனையிறவு தாண்டும்போதே பின்சீட்டில் கிளாஸ் சுற்றத் தொடங்கிவிட்டது. தம்புள்ளையில் இறங்கும்போது ஒருத்தன் நடக்க முடியாமல் இருந்தான். வாந்தியைக் கழுவியது யார் தெரியுமா? முன்சீட்டில் இருந்த பிள்ளைகள். ஐஸ் அடித்தவன் ஒருவனையும் நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. வெறியில் கதவைத் தட்டியவனைப் பார்த்திருக்கிறேன், வெறியில் என் கூட்டாளியின் கையைப் பிடித்து இழுத்தவனைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் 'அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, விடு' என்பார்கள். ஞாபகம் இல்லையென்றால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பட்ச்சில் ஒரு பிள்ளை ஒரு கிளாஸ் பியர் குடித்தாள். அந்தக் கதை அவள் வீடு போய்ச் சேர இரண்டு நாள் எடுக்கவில்லை. அதே இரவு போத்தல் போத்தலாகக் குடித்த பெடியளின் வீடுகளுக்கு ஒரு கதையும் போகவில்லை. நான் குடிக்கச் சொல்லவில்லை. ஊரின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன்.

நாவலடி அண்ணா, காசைப் பிரியுங்கள். நாங்கள் பெண்கள் சேர்ந்து கட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

#4 நெறியாளர்

இழை சூடாகும் முன் ஒரு விடயம். எந்த ஒழுங்கையில், எந்தக் கடையில், யாரிடம் என்ன வாங்கலாம் என்பதை ஒருவரும் இங்கே எழுத வேண்டாம், 'பகிடிக்கு' என்றாலும் நீக்கப்படும். ஆட்களின் பெயர், போடிங் வீட்டு அடையாளம், பட்ச் இலக்கம் எதுவும் வேண்டாம்.

#5 வெள்ளை_அங்கி

நான் வைத்தியர். யாழ்ப்பாணத்தில் வேலை. 'இரண்டு பியர்தானே' என்ற கதையை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் அடிக்கடி கேட்கிற கதை அதுதான்.

இப்போது பெடியள் வாங்குவது சாதாரண பியர் இல்லை, 8.8 வீதம் மதுசாரம் உள்ள கடும் பியர். அதில் 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 43 கிராம் மதுசாரம் இருக்கிறது. சாராயம் சுமார் 33.5 வீதம் என்று வைத்துக்கொண்டால், 180 மில்லி கால் போத்தலில் 48 கிராம். அதாவது பெரிய பியர் ஒன்று கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல் சாராயம். இரண்டு பியர் என்பது அரைப் போத்தலுக்குக் கிட்ட. ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு இரண்டு பியரை முடித்துவிட்டு விடிய ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுபவன், நித்திரை கொண்டு எழும்பினாலும் வெறியோடுதான் ஏறுகிறான். இங்கே வாகனம் ஓட்டுபவருக்குச் சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்.

தேசிக்காய்த் தண்ணி, புளித்த மோர், கறுப்புக் கோப்பி, தலையில் வாளித் தண்ணி ஒன்றும் அந்த வேகத்தைக் கூட்டாது. அரை மயக்கத்தில் இருப்பவனுக்கு வாயில் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு 'நித்திரை கொள்ளட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் நான் மிகவும் பயப்படும் விடயம். தன் வாந்தியே அடைத்து மூச்சு நின்றுபோகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஒரு ஆள் பக்கத்தில் இருங்கள். கூப்பிட்டும் கிள்ளியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகவும் விட்டு விட்டும் வருகிறது, உடம்பு குளிர்ந்து உதடு நீலமாகிறது என்றால் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் வருமா, கம்பஸுக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் ஆட்கள் போகிறார்கள்.

#6 பழைய_பட்ச்

எண்பதுகளில் படித்தவன் நான். அப்போது பரமேஸ்வராச் சந்திப் பக்கம் இரவு எட்டு மணிக்குப் பிறகு நாய்கூட நடக்காது. வளாகம் என்றால் நூலகம், அரசியல், நாடகம். மாலை முழுவதும் கைலாசபதி கலையரங்கில் ஏதாவது ஒத்திகை ஓடும். குடிப்பவன் ஒருத்தன் இரண்டு பேர் இருந்தான், அவனையும் நாங்கள் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. இப்போது பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. வெளிமாவட்டத்திலிருந்து வருகிறவர்களோடு பழகித்தான் எங்கள் பெடியளும் கெட்டார்கள்.

#7 கறுப்புக்_கோட்டு

கடைசி வரியை நான் விடப்போவதில்லை, மன்னிக்கவும். நான் சட்டத்தரணி. நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்குகளில் நிற்கும் பெடியளின் விலாசங்களைப் பார்த்தால் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ்ப்பாணத்தின் எல்லாப் பக்கமும் இருக்கிறது. மட்டக்களப்பானையும் மலையகத்தானையும் சிங்களப் பெடியனையும் காட்டிவிட்டு நாங்கள் கை கழுவ முடியாது. பனங்கள்ளும் கசிப்பும் எண்பதுகளில் இல்லையா அண்ணை? எண்பதுகளில் பெடியளை வீட்டுக்குள் வைத்தது ஒழுக்கம் இல்லை, பயம். ஆமி றவுண்டப் வந்தால் யார் சந்தியில் நிற்பான்? 1990 இலிருந்து 1995 வரை மின்சாரமே இல்லை, பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கே வழியில்லை. அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

#8 சுன்னாகத்தான்

அது சரி. ஆனால் ஐஸ் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே.

#9 கறுப்புக்_கோட்டு

கதைப்போம். சட்டம் மட்டும் சொல்கிறேன், சுருக்கமாக.

ஹெரோயின் தூய அளவில் 2 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 1984 இல் கொண்டுவந்த திருத்தம் அது. ஐஸ் 2022 திருத்தத்தில் உள்ளே வந்தது, அங்கே 5 கிராம். தூக்குத் தண்டனை இலங்கையில் 1976 க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை, அதனால் நடைமுறையில் ஆயுள் முழுக்கச் சிறை. அளவு சிறிதென்றாலும் கைது, விளக்கமறியல், அரச பகுப்பாய்வாளர் அறிக்கைக்குக் காத்திருப்பு எல்லாம் உண்டு. அதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள்.

'மச்சான், இந்தப் பார்சலை என் ரூமில் கொடுத்துவிடு' என்று சீனியர் தந்தான், உள்ளே என்ன என்று தெரியாது என்று சொல்லும் பெடியள் வருகிறார்கள். தெரியாது என்று நீங்கள்தான் நிரூபிக்கப் பாடுபட வேண்டியிருக்கும். பார்சல் வாங்காதீர்கள்.

இனி நாவலடியின் விடயம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுபானம் விற்க முடியாது. முதலாம் வருடத்தில் பலருக்கு இன்னும் அந்த வயதே வரவில்லை. ஜூனியரைப் பிடித்து வைத்து 'குடி, இல்லாவிட்டால் பட்ச்சில் சேர்க்க மாட்டோம்' என்பது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்குள் வரும். உடல் காயம் தேவையில்லை, மன வேதனையும் பயமும் போதும். இரண்டு வருடம் வரை சிறை. அதனால் கணக்குக் கொப்பியில் 'இதர செலவு' என்று எழுதும் முன் கொப்பி யாருடைய கையெழுத்தில் இருக்கிறது என்று ஒருதரம் பாரும்.

#10 நாவலடி

என் கையெழுத்துத்தான் :(

#11 மழைக்குருவி

:D

#12 ஸ்காபரோவிலிருந்து

இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொக்குவிலில் எங்கள் வீடு. அம்மா இங்கே கனடாவுக்கு வந்த பிறகு பூட்டிக் கிடந்தது, கறையான் தின்றுவிடும் என்று கம்பஸ் பெடியள் ஆறு பேருக்கு வாடகைக்குக் கொடுத்தோம். மேற்பார்வைக்கு ஒரு சொந்தக்காரர். அவர் மாதம் ஒருதரம் வந்து வாடகையை வாங்கிக்கொண்டு கேற்றோடு போய்விடுவார். போன கோடையில் நாங்கள் வந்து பார்த்தால் கிணற்றடியில் இருந்து பின்வளவு வேலி வரை வெற்றுப் போத்தல். சாமியறைக்குள் சிகரெட் கட்டை.

பெடியள் ஒளிக்கவில்லை. 'அண்ணை, ஆறு பேர்தான் வாடகைக்கு, வெள்ளிக்கிழமை இருபது பேர் வருவினம், வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது' என்றார்கள். பெரியவர்கள் இல்லாத வீடு எது என்று எல்லாப் பட்ச்சுக்கும் தெரிந்திருக்கிறது. எங்களைப் போல எத்தனை பேர் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காட்டுப் பக்கம் வீட்டை இப்படி விட்டிருக்கிறோம்? காசும் இங்கிருந்துதான் போகிறது. தம்பி கேட்கிறான், ஃபோன் வாங்க, பைக் வாங்க, 'ப்ரொஜெக்ட்' செலவுக்கு. ஒருவரும் ரசீது கேட்பதில்லை. இரவு பகலாக இரண்டு வேலை செய்கிறவனுக்கு, கேட்டதை அனுப்பினால்தான் மனச்சாட்சி அடங்கும்.

#13 போடிங்_அன்ரி

தம்பி சொல்வது முழுக்க உண்மை. நான் பெடியள் நாலு பேரை வைத்திருக்கிறேன், என் வீட்டின் முன்பகுதியில். நான் மூன்று விடயம்தான் சொல்வேன். வளவுக்குள் போத்தல் வரக்கூடாது. பத்து மணிக்குக் கேற் பூட்டுவேன், பிந்தினால் ஃபோன் எடுத்துச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் சொல்ல வேண்டும். மற்றப்படி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நோண்டுவதில்லை. 'அன்ரி வீடு ஜெயில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெடியனும் இடையில் விட்டுவிட்டுப் போனதில்லை.

புட்டும் சம்பலும் சாப்பிட இருக்கிற பெடியனிடம் 'இண்டைக்கு ஏன் முகம் ஒரு மாதிரி' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். வேறு என்ன.

#14 ஏ9_ஓரம்

கிளிநொச்சிப் பக்கம் படிக்கிறேன். யாழ்ப்பாணத்தவர்களே, உங்களுக்காவது றியோ ஐஸ்கிரீம் கடையும் தியேட்டரும் கோயில் திருவிழாவும் இருக்கிறது. எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இருட்டு, நுளம்பு, ஃபோன். டவுணுக்குப் போக பஸ் பிடித்தால் திரும்பி வர பஸ் இல்லை. வேலை ஒன்றும் இல்லாத ஒரு கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தன் ஒரு போத்தலோடு வந்தால் அதுதான் அன்றைய நிகழ்ச்சி. யாரும் வந்து போதைக்கு எதிராகக் கருத்தரங்கு வைக்க வேண்டாம், சத்தியமாகப் போதும். கருத்தரங்கில் ஈரல் படம் காட்டுவார்கள், நாங்கள் பின்வரிசையில் நித்திரை கொள்வோம், கடைசியில் பற்றீசும் பால் தேத்தண்ணியும் தருவார்கள். அதைவிடக் கரப்பந்துத் திடலுக்கு இரண்டு லைற் போட்டுத் தரட்டும்.

#15 சுன்னாகத்தான்

லைற் போட்டால் போதை நிற்குமா?

#16 ஏ9_ஓரம்

நிற்காது. ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நான் வேறு இடத்தில் இருப்பேன். எனக்கு அது போதும்.

#17 வெள்ளை_அங்கி

சுன்னாகத்தான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஐஸ் பெரிய பிரச்சினைதான். படிப்பவர்களிடம் அது நுழையும் வாசல் வேறு, அதைக் கவனியுங்கள். பார்ட்டியில் இல்லை, பரீட்சைக்கு முதல் வாரத்தில். 'இதை எடுத்தால் இரண்டு நாள் நித்திரை வராது, முழு நோட்ஸும் முடிக்கலாம்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். உண்மைதான், நித்திரை வராது. மூளையில் டோபமின் கொட்டுவதால் பசி, களைப்பு ஒன்றும் தெரியாது. ஆனால் நித்திரை இல்லாமல் படித்தது மூளையில் பதியாது. மூன்றாம் நாள் விழுந்து படுத்தால் பரீட்சையன்று எழும்ப முடியாது. தொடர்ந்து எடுப்பவர்களுக்கு ஆட்கள் தன்னைப் பின்தொடர்கிறார்கள், சுவருக்குப் பின்னால் கதைக்கிறார்கள் என்ற சந்தேகம் பிடிக்கும். வீட்டில் 'செய்வினை' என்று கோயில் கோயிலாகக் கொண்டு திரிந்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் கொண்டு வருவார்கள். கஞ்சாவிலும் சிலருக்கு இது வரும், குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்குக் கூடுதலாக.

ஹெரோயினைப் புகைக்கத் தொடங்கி ஊசிக்குப் போனவர்களில் நான் பார்த்தது இதய வால்வில் கிருமித்தொற்று. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெடியளுக்குச் சத்திரசிகிச்சை. இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

பலர் கணக்கெடுக்காதது மாத்திரை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபலினை வைத்தியர் துண்டு இல்லாமல் எங்கேயோ வாங்கி, சாராயத்தோடு போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடக்கும். போத்தல் சுற்றும் இரவில் ஒரு மாத்திரையும் சுற்றினால், நான் #5 இல் சொன்ன மயக்கம் இரட்டிப்பு ஆபத்து. அம்புலன்சில் வருபவரிடம் மாத்திரை போட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள், உறையும் கையில் இருந்தால் கொடுங்கள்.

அப்புறம் மாவா, அந்த மெல்லும் பாக்குக் கலவை. போதை என்றே நினைக்காமல் வகுப்பில் கொடுப்புக்குள் வைத்திருக்கிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும், அதில் புகையிலையும் சேர்கிறது. வாய் முழுதாகத் திறக்க முடியாமல் வரும் பெடியளின் வயதைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

#18 பழைய_பட்ச்

வைத்தியர் பிள்ளை சொல்வதை ஏற்கிறேன். வெளிமாவட்டம் பற்றிச் சொன்னது கொஞ்சம் கூடிப்போச்சு, விடுங்கள். ஆனால் தவறணைகளையும் பார்களையும் இப்படித் திறந்துவிட்டு மாணவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. 2024 கடைசியில் மதுபான அனுமதிப்பத்திரக் கதை பாராளுமன்றம் வரை நாறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

#19 கறுப்புக்_கோட்டு

பார் அனுமதிப்பத்திரத்தையும் தவறணையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். தவறணையில் கள்ளு விற்பது பனை ஏறும் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கம். கள்ளில் மதுசாரம் ஐந்து ஆறு வீதம். அந்தத் தொழிலாளியை ஊர் எப்போதும் கீழே வைத்துத்தான் பார்த்தது, இப்போது பழியையும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம். சரி, இது வேறு இழைக்கான கதை.

#20 மூன்றாம்_கதிரை

நான் குடிக்கிற ஆள். பட்ச்சின் மற்றப் பக்கமும் ஒருத்தன் சொல்ல வேண்டும்.

முதலாம் வருடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஊர் வன்னிக்குள்ள. அப்பா 2009 இல் இல்லை. இங்கே எல்லோரும் பெரிய பள்ளிக்கூடங்களின் பெயர் சொல்லிக் கதைப்பார்கள், ஒரே பள்ளிக்கூடப் பெடியள் ஒன்றாக இருப்பார்கள். போத்தல் திறந்த இரவில்தான் என்னை முதல் முதல் 'மச்சான்' என்றார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் எனக்கு நோட்ஸ் கிடைத்தது, ரூம் கிடைத்தது, பசித்தால் சாப்பாட்டுப் பார்சல் கிடைத்தது. காசைப் பிரி என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். பிரித்த அன்றைக்குக் குடிப்பவர் பட்டியல், குடிக்காதவர் பட்டியல் என்று இரண்டு பட்ச் வரும். அதில் எந்தப் பட்டியலில் நின்றால் எனக்கு வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

#21 மழைக்குருவி

மூன்றாம்_கதிரை அண்ணா, இதை நான் யோசிக்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நோட்ஸும் ரூமும் போத்தல் திறக்காமல் கிடைத்திருந்தால் அன்றைக்குக் குடித்திருப்பீர்களா?

#22 மூன்றாம்_கதிரை

தெரியாது. ஒருவேளை இல்லை.

#23 நாவலடி

#20 ஐ பட்ச் குறூப்பில் பெயர் இல்லாமல் போட்டுக் காட்டட்டுமா? அனுமதி கிடைத்தால் மட்டும்.

ஒரு யோசனை. பட்டியல் எதுவும் எடுக்கப்போவதில்லை. பட்ச் காசில் பஸ், சாப்பாடு, தங்குமிடம் மட்டும். போத்தலுக்கு யார் எவ்வளவு போட்டார் என்பது எனக்கும் தெரிய வேண்டாம், கொப்பிக்கும் தெரிய வேண்டாம். பஸ்ஸுக்குள் குடி இல்லை, அதை டிரைவர் அண்ணையே சொல்லட்டும், அவருக்கும் அதுதான் விருப்பம். முதலாம் வருடத்துக்கான நோட்ஸ், போடிங் விபரம் எல்லாவற்றையும் ஒரு கூகுள் ட்ரைவில் போட்டு முதல் வாரமே எல்லோருக்கும் திறந்துவிடுவது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, நானும் இன்னும் இரண்டு பேரும் இருந்தால் போதும்.

#24 மூன்றாம்_கதிரை

போடு. 'வன்னி' என்பதை மட்டும் எடுத்துவிடு, கண்டுபிடித்துவிடுவார்கள்.

#25 சுன்னாகத்தான்

நல்ல யோசனைதான். ஆனால் ட்ரைவ் எல்லாம் இரண்டு மாதத்தில் செத்துவிடும், பார்த்திருக்கிறேன்.

#26 பெயர்_வேண்டாம்

இவ்வளவையும் வாசித்துவிட்டுத்தான் கணக்குத் திறந்தேன். என்னோடு ரூமில் இருக்கும் கூட்டாளி இப்போது ஒவ்வொரு நாளும் குடிக்கிறான். பார்ட்டி இல்லை, தனியாக. காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் ஷேவ் எடுக்க முடிகிறது. வகுப்பு வரவு 80 வீதத்துக்குக் கீழே போய்விட்டது, இந்த செமஸ்டர் பரீட்சைக்கு இருக்க முடியாது. நேற்று 'இன்றிலிருந்து முழுதாக விடுகிறேன்' என்று போத்தலை உடைத்தான். நான் சந்தோசப்பட்டேன். இன்றைக்கு வியர்த்துக் கொட்டுகிறது, ஒன்றும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் 'கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்' என்று பயப்படுகிறான். என்ன செய்வது?

#27 வெள்ளை_அங்கி

தம்பி, இதைத் தள்ளிப்போட வேண்டாம். நாள்தோறும் குடித்து, காலையில் நடுக்கம் வரும் ஆள் திடீரென்று முழுதாக விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்குக் குழப்பம், இல்லாத ஆட்கள் தெரிவது, காய்ச்சல், இதயத் துடிப்பு எல்லாம் வரும். அது உயிராபத்து. ஹெரோயினை விடும்போது உடம்பு முறுக்கி எடுக்கும், மூக்கு வடியும், ஆனால் பொதுவாக ஆள் தப்பும். சாராயத்தை விடுவதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மன உறுதி போதும் என்று வீட்டில் வைத்துப் பார்க்கும் விடயம் இல்லை இது.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வலிப்பு வந்தாலோ கதை குழம்பினாலோ உடனே 1990. இல்லாவிட்டால் இன்று இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போகலாம். நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் கொடுப்பார்கள், சில நாள் வார்டில் வைத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பிறகு மனநலப் பிரிவில் தொடர்ந்து பார்க்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை. கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வழமையாக எவ்வளவு, வேறு மாத்திரை உண்டா என்பதை எழுதிக் கொண்டு போங்கள்.

கந்தக்காடு பற்றிக் கறுப்புக்_கோட்டு சொல்லட்டும்.

#28 கறுப்புக்_கோட்டு

தானாக வைத்தியம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆளைக் கந்தக்காட்டுக்கு அனுப்புவதில்லை. கட்டாயப் புனர்வாழ்வு என்பது 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் கட்டளையோடு போவது, அதுவும் போதைப்பொருளுக்கு. உம்முடைய கூட்டாளியின் விடயம் சாராயம். குடிப்பது குற்றமும் இல்லை. பயப்படாமல் கூட்டிப் போம்.

#29 போடிங்_அன்ரி

தம்பி, ஓட்டோவுக்கு ஆள் இல்லை என்றால் எனக்குத் தனிமடல் போடும். எங்கட இவர் வருவார். ஒன்றும் கேட்க மாட்டார்.

#30 பெயர்_வேண்டாம்

அன்ரி, மடல் போட்டிருக்கிறேன். வர ஒத்துக்கொண்டான். தாய்க்குச் சொல்லக்கூடாது என்று மட்டும் நிபந்தனை. சொல்லாமல் அனுமதிப்பார்களா?

#31 வெள்ளை_அங்கி

வயது வந்த ஆள், அவர் விருப்பம். தாய்க்குச் சொல்வதை அவரே பிறகு முடிவெடுக்கட்டும், வார்டில் அதற்கும் உதவி செய்வார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். அடையாள அட்டை, சாரம் இரண்டு, ஃபோன் சார்ஜர் எடுங்கள். ஓட்டோவில் அவரை நடுவில் இருத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் வேண்டாம்.